நீ அனுப்பாத இரண்டாவது சுலோகம்

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. முட்டியைத் தவிர மற்றபடி நான் சுகம். அங்கே எல்லாரும் சுகமா என்று போனில் கேட்டால் நல்லா இருக்கோம் என்று ஒரே மூச்சில் முடித்துவிடுவாய், அதனால் காகிதத்தில் கேட்கிறேன், ஒவ்வொருவரைப் பற்றியும் தனித்தனியாக எழுது. சின்னவளுக்கு விழுந்த பல் முளைத்ததா, உனக்கு முதுகுப் பிடிப்பு விட்டதா. இங்கே சமையலறைக் குழாய் ஒழுகி நாலு நாள் வாளி வைத்து ஏந்தினேன், குழாய்க்காரன் வந்து இரண்டு தட்டுத் தட்டிவிட்டுப் போனான், இப்போது ஒழுகவில்லை, ஆனால் போகும்போது அவன் சிரித்த சிரிப்பு சரியில்லை.

நீ அனுப்பிய அட்டை வந்தது. கண்ணாடிச் சட்டம் போட்டு, மேலே சமஸ்கிருத எழுத்து, கீழே மருமகள் கையெழுத்தில் தமிழ் அர்த்தம். அப்பா ஸ்தானத்தில் வைத்துக் கும்பிட வேண்டியவர்கள் ஐந்து பேராம். பெற்றவர், படிப்புக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தவர், படிப்பைச் சொல்லிக்கொடுத்தவர், சோறு போட்டவர், பயத்திலிருந்து காப்பாற்றியவர். சோறு போட்டவருக்குக் கீழே மட்டும் ஒரு கோடு. இடுப்பு உடைந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிற உன் சித்தப்பாவைக் கீழ் அறையில் வைத்துக்கொள்ளச் சொல்லிப் போன மாதம் பேசினாய், நான் போனை வைத்துவிட்டேன். இந்த மாதம் சுலோகம் வருகிறது. எனக்கு ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றதே தவிர மூளை நிற்கவில்லை. இத்தனை வருடத்தில் ஸ்வெட்டர் அனுப்பியிருக்கிறாய், டார்ச் லைட் அனுப்பியிருக்கிறாய், சுலோகம் அனுப்பியதில்லை. கோடு போட்டது நீயா மருமகளா என்று மட்டும் தெரியவில்லை, கோடு கொஞ்சம் கோணலாக இருப்பதால் நீ என்று நினைக்கிறேன்.

மருந்துச் சீட்டையே இரண்டு கடையில் காட்டி வாங்குகிறவள் நான், ஒருத்தி எழுதிய அர்த்தத்தை நம்பிவிடுவேனா. தெருமுனை மெஸ்காரரிடம் காட்டினேன். சோறு போட்டவர்தான் இதுல பெருசு பெரியம்மா, மத்த நாலு பேருக்கும் பசிச்சா எங்ககிட்டதானே வரணும் என்றார். பக்கத்து வீட்டு ரிட்டயர்டு போலீஸ்காரர், அதெல்லாம் இல்ல, பயத்துலேர்ந்து காப்பாத்துறவன்தான் முதல்ல என்றார், அவரைப் பார்த்துத் தெரு நாய்கூட வாலை மடக்கியதில்லை. அவரவர் அதில் தங்களைத் தேடிக் கண்டுபிடித்துக்கொண்டார்கள். நானும் என்னைத் தேடினேன். ஐந்து இடத்திலும் நான் இல்லை. பத்து மாதம் சுமந்தவளுக்கு அந்தச் சட்டத்தில் ஓர் ஓரம்கூட இல்லையா என்று வயிறு எரிந்தது.

அந்த எரிச்சலோடுதான் மாடியில் குடியிருக்கும் சமஸ்கிருத டீச்சரிடம் போனேன். அவர் படித்துப் பார்த்து, மருமகள் எழுதியது சரிதான் அக்கா, ஆனா இது பாதிதான், அம்மா ஸ்தானத்துக்கும் ஒரு அஞ்சு பேர் இருக்காங்க என்றார். சொல்லுங்கள் என்றேன். ராஜாவின் மனைவி, குருவின் மனைவி, அண்ணன் மனைவி, தன் மனைவியைப் பெற்றவள், கடைசியில் தன்னைப் பெற்றவள். அண்ணன் மனைவி என்றதும் எனக்குச் சுருக்கென்றது. உன் சித்தப்பாவுக்கு அண்ணன் மனைவி வேறு யார், நான்தானே. அப்படியானால் நான் அவருக்கு அம்மாவாம்! என்னைவிட இரண்டு வயது மூத்தவர். அந்த மூன்றாவது இடத்தில் சிநேகிதன் மனைவி என்று சொல்கிறவர்களும் உண்டு என்றார் டீச்சர். அப்போ எனக்கு அதையே கொடுங்க என்றேன். பிடிச்சதைப் பொறுக்கிக்கிட்டு வர இது என்ன புடவைக் கடையா அக்கா என்று சிரித்தார். இதையெல்லாம் நீ முன்பே அவருக்குப் போன் போட்டுச் சொல்லிவைத்தாயா? கேட்டதற்கு இல்ல, இல்லவே இல்ல, சத்தியமா இல்ல என்றார். இல்லை என்பதற்கு மூன்று இல்லை எதற்கு?

உனக்கு ஏழு வயது, உன் அப்பா போய் இரண்டு மாதம்கூட ஆகவில்லை. ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் எனக்கு வேலை கிடைத்தது, தங்க இடமும் உண்டு, பிள்ளைகள் கூடாது என்றார்கள். பிள்ளையில்லாத உன் சித்தப்பா வாசலில் நின்று, பையன் எங்க வீட்டுல இருக்கட்டும் அண்ணி, நீங்க வேலையைப் பாருங்க என்றார். நாலு வருடம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருவேன், கையெல்லாம் சோடா வாடையோடு. மூன்றாவது வருடம் ஒரு ஞாயிறு, தூறிக்கொண்டிருந்தது, வாசலில் செருப்பைக் கழற்றுகிறேன், உள்ளே நீ நீலத் தட்டை நீட்டி, அப்பா இன்னும் கொஞ்சம் என்கிறாய். உன் சட்டையில் மூன்றாவது பொத்தான் இல்லை. அவர் சோறு போட்டார். சித்தப்பான்னு சொல்லுடா என்று ஒரு வார்த்தை திருத்தவில்லை. அன்றிலிருந்து அந்த வீட்டில் நான் பச்சைத் தண்ணீர் குடித்ததில்லை. காரணம் கேட்டபோதெல்லாம் வயிறு சரியில்லை என்றேன். முப்பது வருடமாக ஒருத்திக்கு வயிறு சரியில்லாமல் இருக்குமா என்று நீயும் யோசிக்கவில்லை.

அட்டையைப் பையில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன், இது அவர் கிளப்பிவிட்ட வேலையாக இருக்கும் என்று. என்னைக் கண்டதும் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழப் பார்த்தார். நர்ஸ் ஓடி வந்து, தாத்தா, இன்னொரு எலும்பையும் உடைச்சுக்கணுமா என்று அதட்டினாள். அண்ணி நிக்கிறாங்கம்மா என்றார். அப்போதுதான் உறைத்தது, இத்தனை வருடத்தில் என் எதிரே அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. சீக்கிரம் கிளம்பு என்பதற்காக நிற்கிறார் என்றே நினைத்திருந்தேன். அட்டையைக் கையை நீட்டிப் பிடித்துப் படித்தார். இது எனக்கு எதுக்கு அண்ணி, நான் முதியோர் இல்லத்துல சேர எழுதிக் கொடுத்துட்டேன் என்றார். நாடகமோ என்று நர்ஸைத் தனியாகக் கூப்பிட்டு விசாரித்தேன். உண்மைதானாம், உன் அட்டை வருவதற்குப் பத்து நாள் முன்பே.

பிறகு நீலத் தட்டைப் பற்றிக் கேட்டேவிட்டேன், ஏன் திருத்தவில்லை என்று. அவர் சொன்னதை மாற்றாமல் எழுதுகிறேன். அன்னிக்கு ஒரு நாள்தான் அண்ணி அப்படிக் கூப்பிட்டான், முன்னாடியும் இல்ல, பின்னாடியும் இல்ல, திருத்த மனசு வரல. சொல்லிவிட்டுப் போர்வையை இழுத்து இழுத்துச் சரி செய்தார், அது சரியாகத்தான் இருந்தது.

வியாழக்கிழமை அவரைக் கூட்டி வருகிறேன். சுலோகத்துக்காக இல்லை, உன் கோட்டுக்காகவும் இல்லை. அந்த முதியோர் இல்லத்து விரிப்புகள் எங்கள் சலவைக்கூடத்துக்கு வரும், அவை எந்த லட்சணத்தில் வரும் என்று எனக்குத் தெரியும். அதில் படுக்க விட மனம் ஒப்பவில்லை, அவ்வளவுதான். கீழ் அறைக் கட்டிலை ஜன்னல் பக்கம் இழுத்துப் போடச் சொல்லியாகிவிட்டது. அட்டையை இன்னும் மாட்டவில்லை, இரண்டாவது சுலோகத்தையும் எழுதி அனுப்பு, சேர்த்துத்தான் மாட்டுவேன், யாருக்குக் கீழேயும் கோடு வேண்டாம்.

நீயும் உன் குடும்பமும் குறைவில்லாமல் நூறு வயது இருக்க வேண்டும். குளிர் நாளில் காதை மூடிக்கொள். கேட்டதற்கு மறக்காமல் பதில் போடு, அவர் சொன்னபடி ஒரே ஒரு நாள்தானா, இல்லை நான் வராத நாளிலெல்லாம் அப்படித்தான் கூப்பிட்டாயா. எதுவானாலும் உள்ளதை எழுது. போனில் சொல்லாதே, இனி பக்கத்தில் அவரும் இருப்பார்.

உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா