கொளுத்தாத கற்பூரம்

அக்கா,

இன்று காலை உன் தகர டப்பாவைத் திறந்தேன். மூடி துருவேறி இறுகிப்போயிருந்தது. கரண்டிக் காம்பை விட்டு நெம்ப வேண்டியதாயிற்று. உள்ளே மிளகெல்லாம் சுருங்கிக் கிடக்கிறது. அதன் நடுவே அந்தக் கற்பூரக் கட்டி, நீ வைத்தபடியே இருக்கிறது. கடையில் வாங்கும் கற்பூரம் ஒரு மழைக்காலம் தாங்குவதில்லை, காற்றே தின்றுவிடுகிறது. இது மட்டும் இத்தனை வருஷமாக எப்படி இருக்கிறது என்று யோசிக்கவே எனக்குப் பயமாக இருந்தது. டப்பாவை மூடிவிட்டு வாசலில் வந்து உட்கார்ந்துகொண்டேன்.

எண்பதுகளின் நடுவில் ஒரு கோடை. என் அண்ணன் ஏழுமலையைக் கோட்டைக்குளத்திலிருந்து பிணமாகத் தூக்கி வந்தார்கள். குவாரியில் வெடி வைக்கும்போது கல் பறந்து வந்து கூரைகளில் விழுகிறது என்று மனு கொடுத்தவன் அவன். குடித்துவிட்டு விழுந்தான் என்றார் குவாரி காண்ட்ராக்டர். சாராய வாடையே ஆகாது அண்ணனுக்கு. ஆனால் கோயிலுக்கு மணி வாங்கிக் கொடுத்தவர் அவர், பாதித் தெருவுக்குக் கூலி கொடுப்பவரும் அவர். அவர் சொன்னபிறகு தெருவுக்கு வேறு வாய் ஏது? நானும் அம்மாவும் அன்று கடலை பிடுங்க வல்லத்துக்குப் போயிருந்தோம். காண்ட்ராக்டரின் ஆட்கள் இரண்டு பேர் பட்டப்பகலில் தெரு வழியாகத்தான் அண்ணனை இழுத்துப் போயிருக்கிறார்கள். வாசலில் இருந்தவர்கள் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள்.

குளத்தில் நடந்ததை நீ பார்த்தாய். அம்மன் கோயில் வாசலில் பூ விற்கிறவள் நீ, உச்சி வெயிலில் பூக்கூடைச் சாக்கை நனைக்கப் படியிறங்கியிருக்கிறாய். "துணி அலசற மாரி அமுக்கிக்கினு இருந்தானுங்க. ஒரு சத்தம் இல்ல. பாறை மேல இருந்த குரங்குங்ககூட கத்தல" என்று எங்களிடம் சொன்னாய்.

போலீஸ் விசாரணைக்கு முன்னால் காண்ட்ராக்டர் ஓர் ஏற்பாடு செய்தார். வீட்டுக்கு ஒருவர் அம்மன் முன்னால் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்ய வேண்டும். நம் பக்கத்தில் கற்பூரம் அணைத்துச் சொன்னதைப் பிறகு யாரும் மாற்றிப் பேசமாட்டார்கள். அது அவருக்கு நன்றாகத் தெரியும். அவரவர் வீட்டுக் கற்பூரத்தைக் கொண்டுவர வேண்டும் என்பது முறை. ஒவ்வொருவராக வந்து கட்டியைத் தட்டில் வைத்துப் பற்றவைத்தார்கள். "நான் ஒண்ணும் பாக்கல" என்று உள்ளங்கையால் அடித்து அணைத்தார்கள். என் சொந்தச் சித்தப்பாவும் அணைத்தார். அம்மா என் கையை நகம் பதியப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

உன் முறை வந்தது. பூசாரி தீக்குச்சியைக் கிழித்தார். நீ கட்டியைத் தட்டில் வைக்கவில்லை.

"நான் பாத்தேன்" என்றாய்.

"இன்னா பாத்த?" காண்ட்ராக்டர் சிரித்தபடிதான் கேட்டார்.

"உன் ஆளுங்க அந்தப் புள்ளயத் தண்ணியில அமுக்கனதப் பாத்தேன். ஆத்தாவும் பாத்தா. அவளுக்கு வாய் இல்ல, எனக்கு இருக்குது."

விரல் சுடும்வரை பூசாரி குச்சியைக் கீழே போடவில்லை. நீ கொளுத்தாத கற்பூரத்தோடு வீட்டுக்கு நடந்தாய். போலீசிடமும் அதையே சொன்னாய். அவர்கள் எழுதிக்கொள்ளவில்லை. குடிபோதை என்று வழக்கை மூடினார்கள். கோயில் வாசலில் நீ உட்காரும் இடம் போனது, வியாபாரமும் போனது. ஆனாலும் அம்மனுக்குத் தினமும் பூ கட்டினாய். பூசாரி கையில் வாங்கமாட்டார் என்பதால், நடை சாத்தியபின் கதவுத் தாழ்ப்பாளில் சுற்றிவிட்டு வருவாய். என் அண்ணன் குடிகாரன் இல்லை என்று ஊரில் ஒரே ஒருத்தி சொன்னாள் என்பதில்தான் அம்மா அதன்பிறகு உயிரோடு இருந்தாள்.

அப்புறம்தான் தெருவில் அது ஆரம்பித்தது. சித்தப்பா சீயக்காய் போட்டுக் கையைத் தேய்த்தார், சாம்பல் போட்டுத் தேய்த்தார். சோற்றில் கை வைத்தால் கற்பூரம் மணக்கிறது என்று தட்டைத் தள்ளினார். சத்தியம் செய்த வீடுகளில் புதிதாக வாங்கிவைத்த கற்பூரம் மறுநாளே டப்பாவில் இருக்காது. எலி தின்றிருக்கும் என்றாள் சித்தி. எந்த எலி கற்பூரம் தின்னும்? உச்சிவேளை ஆனால் தெரு முழுக்க அணைந்த கற்பூரத்தின் வாசனை நிற்கும், கோயிலே சாத்தியிருக்கும் நேரத்தில். அந்த வெயிலிலும் ஜனங்கள் கதவைச் சாத்திக்கொண்டார்கள். உன் வீட்டில் மட்டும் வெறும் பூ வாசனை.

"பயமா இருக்குதுக்கா" என்று உன்னிடம் ஓடிவந்தேன்.

நீ பூத்தொடுப்பதை நிறுத்தவில்லை. "பொய்க்குக் கொளுத்தனத ஆத்தா எடுத்துக்கல போலருக்குது. அதான் போக்கிடம் இல்லாம சுத்திக்கினு இருக்குது. நீ சாப்டியா?"

சாகக் கிடந்தபோது டப்பாவை என்னிடம் கொடுத்தாய். "இது ஆத்தாவுக்குன்னு எடுத்தது. வூட்ல கற்பூரம் தீந்துபோச்சுன்னு கொளுத்தித் தொலைச்சிடாதடி" என்றாய். அழுகையிலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

இதை ஏன் இன்று எழுதுகிறேன் தெரியுமா? போன வாரம் குவாரிக் குட்டையில் ஒரு பெண்ணின் உடல் மிதந்தது. கால் தவறி விழுந்தாள் என்கிறார்கள். அவளைக் கதறக் கதற வண்டியில் ஏற்றிப்போனதை நான் பார்த்தேன் அக்கா. பழைய காண்ட்ராக்டரின் மகனுடைய வண்டி. நாளை வீட்டுக்கு ஒருவர் கற்பூரத்தோடு கோயிலுக்கு வரவேண்டும் என்று ஆள் அனுப்பியிருக்கிறான். என் மகன் அவனிடம்தான் டிரைவராக இருக்கிறான். "நீ ஒண்ணும் பாக்கல, வுடும்மா. எனக்கு டென்ஷன் ஆவுது" என்று என் காலைப் பிடிக்கிறான். உன்னைப் போல எனக்குத் தைரியம் கிடையாது.

இதை எழுதும்போது வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. அந்த வாசனை மறுபடி தெருவில் நிற்கிறது. எதிர்வீட்டில் கதவைச் சாத்துகிறார்கள், அடுத்த வீட்டிலும் சாத்துகிறார்கள். என் கதவைச் சாத்த எழுந்தேன், சாத்த மனம் வரவில்லை. டப்பாவைத் திறந்து உன் கட்டியை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டேன். நாளை இதைத்தான் கொண்டுபோகிறேன். தட்டில் வைக்கமாட்டேன். கைக்குள் வைத்துக்கொண்டு, நான் பார்த்தேன் என்று சொல்வேன்.