பியானோவுக்குள் எரிந்த விளக்கு

லூட்டோலிம், கோவா
சான் ஜுவாவ் திருநாள்

அன்புள்ள அக்னெலோவுக்கு,

ஆண்டவர் அருளால் நீயும் குடும்பமும் இங்கிலாந்தில் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். எனக்கு முழங்கால் வலியைத் தவிரக் குறையில்லை.

மழை பிடித்துவிட்டது. திருநாள் என்பதால் பையன்கள் தலையில் பூமுடியோடு கிணறு கிணறாகக் குதித்துக்கொண்டிருக்கிறார்கள். எதிரே உன் அத்தை இதலினாவின் வீடு மட்டும் இருட்டாக நிற்கிறது. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

அத்தையை அடக்கம் செய்துவிட்டுக் கிளம்பும்போது நீ மெயின் சுவிட்சை அணைத்தாய். வெளியே போனால் எல்லாவற்றையும் அணைக்க வேண்டும் என்று சொல்லி உன்னை வளர்த்தவளே அவள்தான். குற்றம் சொல்லவில்லை. ஆனால் பியானோவின் கீழ்ப்பலகைக்குப் பின்னால் ஒரு சின்ன பல்பு இருக்கிறது. மழைக்காலம் முழுவதும் அணையாமல் எரிய வேண்டும். இங்கே பியானோ உள்ள வீடுகளில் அதுதான் வழக்கம். அந்தச் சூடு இல்லாவிட்டால் மரம் ஊறி உப்பும், கம்பி துருப்பிடித்து அறுந்துவிடும். நீ கிதார் வாசித்தவன். உனக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

சொத்து பிரியும்வரை என்று வாசற்கதவில் நீ ஒரு பூட்டும் உன் அக்கா லூர்ட்ஸ் ஒரு பூட்டும் போட்டிருக்கிறீர்கள். போன வாரம் வராந்தாவைக் கூட்டப் போன வேலையாள் கைத்தான் துடைப்பத்தோடு என்னிடம் வந்தான். "உள்ள என்னமோ டங்குனு அறுந்துச்சு, தோனாம்மா. நாய் வாலைச் சுருட்டிக்கிட்டு ஓடிருச்சு," என்றான்.

மறுநாளே பஸ் பிடித்து மட்காவ் போய் உன் சாவியை வைத்திருக்கும் வக்கீலைப் பார்த்தேன். ஒரு சாவியால் பயனில்லை என்று மரியாதையாகச் சொல்லித் தேநீர் கொடுத்தார். கனடாவுக்குப் போன் செய்தேன். "முதல்ல அவன் பூட்டைத் தொறக்கட்டும் ஆன்ட்டி," என்றாள் லூர்ட்ஸ். அவள் முதலில் திறக்கட்டும் என்று நீ சொன்னதை அவளிடம் நான் சொல்லவில்லை. பங்குத்தந்தையிடமும் போனேன். ஜெபிப்பதாகச் சொன்னார். இனி போவதற்கு இடமில்லை.

உன் அத்தையிடம் படித்தவர்கள் இந்தத் தாலுக்காவின் பாதிக் கோவில்களில் ஆர்கன் வாசிக்கிறார்கள். முந்திரிப்பழக் காலத்தில் எங்களை வாசலிலேயே நிறுத்தி விரல்களை முகர்ந்து பார்ப்பாள். பிசுக்கு இருந்தால் கிணற்றடிக்குத் துரத்துவாள். "சாமி முன்னாடி அழுக்குக் கையோட நில்லு, அவரு மன்னிப்பாரு. இந்தப் பியானோ மன்னிக்காது," என்பாள். கன்னியர் பள்ளியில் எல்லாப் பாடத்திலும் முதலாவதாக வந்தவள் நான். என்னையும் துரத்தினாள்.

என் கணவர் அலெய்ஷோ இறந்தபோது ஊரே வந்து அழுதது. அவள் அழவில்லை. ஏழாம் நாள் பூசை முடிந்ததும் தெருவைத் தாண்டி வந்து, "நாளைக்கு நாலு மணிக்கு வா பெர்ப்பெத்துவா. நகத்தை வெட்டிட்டு வா," என்றாள். இந்த வயதில் என்னத்துக்கு என்று கேட்டேன். "வயசை நான் கேட்டேனா?" என்றாள். அன்று முதல் அவள் படுக்கையில் விழும்வரை நான்கு மணிக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஒரு நாளும் நன்றாக வாசித்தாய் என்று சொன்னதில்லை.

வீடு யாருக்கு, நிலம் யாருக்கு என்பதில் நான் தலையிடவில்லை. இருவரும் ஒரே நாளில் சாவிகளைக் கைத்தானிடம் கொடுக்கச் சொல்லுங்கள். அவன் உள்ளே போய் மெயினைப் போட்டுவிட்டு வரட்டும். பிறகு இரண்டு பூட்டுகளையும் மறுபடி மாட்டிக்கொள்ளலாம். மின்சாரச் செலவு என்னுடையது. அவ்வளவு பேர் கையைத் தாங்கிய பொருள் நம் கண்ணெதிரே இப்படிப் போகக் கூடாது.

கம்பி அறுந்த பிறகு பல்பு எதற்கு என்று நீ கேட்கலாம். மழை மூட்டத்தில் இங்கே நான்கு மணிக்கே இருட்டிவிடுகிறது. பல்பு எரிந்தால் பியானோவின் அடியில் ஒரு கோடாக வெளிச்சம் தெரியும், என் ஜன்னலிலிருந்தே பார்க்கலாம். நகத்தை இப்போதும் ஒழுங்காக வெட்டிக்கொள்கிறேன்.

உன் குழந்தைகளை அன்னை மரியாள் காப்பாளாக. லூர்ட்ஸுக்கு ஒருமுறை போன் செய் மகனே.

இப்படிக்கு,
பெர்ப்பெத்துவா மெனேசஸ்