வாசல் பதிவேட்டில் என் கையெழுத்து

பிப்ரவரி 12
இன்று துணைவேந்தர் காரையே வாசலில் நிறுத்தி அடையாள அட்டை கேட்டேன். உள்ளே டிரைவர் மட்டும்தான். அதனால் என்ன, நடுங்கிவிட்டான். தார்வாடில் என்னைப் போல் இன்னொரு காவலாளி உண்டா? திங்கட்கிழமை ஊர்த் தேர்கூட என் தோள் பட்ட பிறகுதான் நகர்ந்தது. காலையிலேயே பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பினேன். எனக்குப் பதில் யமனப்பா நின்றான். அவன் ஊர்த் தேருக்கு நான் நிற்பேன். எங்கள் வாசல் வழக்கம் அது.

அக்கா மகள் நீலாம்பிகாதான் மூன்று நாளாக என்னைக் கண்டும் தலை குனிந்து போகிறாள். என்னமோ இருக்கிறது.

பிப்ரவரி 14
சொல்லிவிட்டாள். திங்கட்கிழமை மாலை அவளுடைய ஆய்வு வழிகாட்டி அறைக் கதவைத் தாழிட்டு, அவளை — எழுத வரவில்லை. புகார்க் குழுவில் எழுதிக் கொடுத்துவிட்டாள்.

"அவன் கழுத்தத் திருகிடுறேன்" என்றேன்.

"எதையும் திருக வேண்டாம் மாமா. நான் சொல்றத நம்புங்க, போதும்."

பிப்ரவரி 16
ரோஹிணி என்று ஒரு மூத்த மாணவி, நீலாவை விட்டு நகர்வதில்லை. எல்லாவற்றையும் நோட்டில் எழுதுகிறாள். அந்த வழிகாட்டிக்கு வேவு பார்க்கிறாளா? குழுவின் தலைவி கமலாட்சி மேடம் நீலாவுக்கு டீ வரவழைத்தாராம். டீ எதற்கு? யமனப்பாவும் என் முகத்தைப் பார்ப்பதில்லை. எவ்வளவு வாங்கினான்?

பிப்ரவரி 18
அன்று நான்கு மணிக்கே கிளம்பிவிட்டதாக அந்த வழிகாட்டி குழுவுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறான். நீலாவுக்குச் சாட்சி இல்லையாம். விடுவேனா? குழுவுக்கு எழுதினேன்: ஆறு நாற்பதுக்கு அவன் கார் பறந்தது, நான் குறுக்கே பாய்ந்தேன், சக்கரம் என் கால் மேல் ஏறியது. பதிவேட்டில் என் கையெழுத்து இருக்கிறதே.

பிப்ரவரி 19
நீலா கத்தினாள். "தேர்ல நின்னு போட்டோ எடுத்து ஊருக்கே அனுப்பினீங்களே மாமா! அத அவன் காட்டினா, நான் சொல்ற நெஜமும் பொய்யாயிடும்."

ரோஹிணி நோட்டை நீட்டினாள். நீலா எப்போது சாப்பிட்டாள், எப்போது தூங்கினாள், எந்தத் தாள் யார் கைக்குப் போனது. "அவளால இப்ப எதையும் ஞாபகம் வச்சுக்க முடியல. அதான் எழுதறேன்."

இவளையா நான் —

யமனப்பாவைப் பிடித்து உலுக்கினேன். "எவ்வளவுடா வாங்கின?"

"அந்தக் கார் போனத நான்தான்டா பாத்தேன். ஆறரைக்கு மேல. அதுக்கு முன்னாடி நீலா ஒத்தச் செருப்போட அழுதுட்டு ஓடுனதையும் பாத்தேன். சொன்னா நீ அன்னிக்கு இல்லன்னு ஆயிடும். பெரிய புலிதான் நீ, வேல போனா ரொட்டிக்கு என்ன பண்ணுவ?"

பிப்ரவரி 20
பழைய கடிதத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாகச் சொல்லிப் புதிதாக எழுதிக் கொடுத்தேன். 'திங்கட்கிழமை நான் வாசலில் இல்லை. கையெழுத்து மட்டும் என்னுடையது. நின்றவன் யமனப்பா.' அவ்வளவுதான். யமனப்பா பக்கத்து அறையில் தான் பார்த்ததைக் குழுவிடம் சொல்லிக்கொண்டிருந்தான்.

மேடம் டீ வரவழைத்தார். குடித்தேன்.

மார்ச் 25
வாசலில் என் இடத்தில் புது ஆள். என்னிடமே அடையாள அட்டை கேட்டான். யமனப்பாவுக்குப் பத்து நாள் சம்பளம் பிடித்தார்கள். விசாரணை முடியவில்லை. ஆனால் அந்த வழிகாட்டி வளாகத்துக்குள் வரக்கூடாது என்று உத்தரவு. நீலாவுக்கு வேறு வழிகாட்டி.

நூலகத்திலிருந்து நீலாவும் ரோஹிணியும் வந்தார்கள். நீலா தூரத்திலிருந்தே என்னைப் பார்த்துவிட்டாள். தலை குனியவில்லை.

"சாப்பிட்டீங்களா மாமா?"

காலையிலேயே பன்னிரண்டு ரொட்டி தின்றேன் என்று சொல்ல வாயெடுத்தேன்.

"இல்லம்மா" என்றேன்.