ஒன்றுபோல் ஒன்றில்லாத நீலச் செல்கள்

எனக்குக் காய்ச்சல் என்று நேற்று திருவள்ளூரில் ஒரு லேபில் போய் உட்கார்ந்தேன். உள்ளேயிருந்து ஸ்பிரிட்டும் சாயமும் கலந்த வாசனை வந்தது. உடனே நீ என் கண்முன் வந்துவிட்டாயடி, வெள்ளைக் கோட்டில் நீலக் கறையோடு.

எழுபதுகளில், கும்மிடிப்பூண்டியில், அந்தச் சின்ன நர்சிங் ஹோம் லேபில் நாம் இருவர்தான். ரத்த அணுக்களுக்கு நிறமேற்றும் புதுச் சாயம் வந்தால் முதலில் நம் ரத்தத்தில்தான் சோதிப்போம். ஒருத்தி விரலை மற்றவள் குத்துவாள். அதிலும் சண்டை, ஜன்னலைத் திறப்பதா மூடுவதா என்பதிலும் சண்டை.

அந்த மழைக்காலத்தில் உனக்குக் காய்ச்சல் வந்தது. எலும்பெல்லாம் முறிகிற வலி. டெங்குவாக இருக்கலாம் என்றார் டாக்டர். தினமும் உன் ரத்தத்தை நானே பார்த்தேன். வெள்ளணுக்கள் குறைந்துகொண்டே போயின.

"என் பட்டாளம் ஓடிப்போச்சாடி?" என்று படுத்தபடியே கிண்டல் செய்தாய்.

காய்ச்சல் விட்ட பிறகு பார்த்தால், லென்ஸுக்கடியில் பெரிய பெரிய நீலச் செல்கள். அப்படிப்பட்டவற்றை ரத்தப் புற்றுநோயில்தான் நான் பார்த்திருந்தேன்.

டாக்டர் மெட்ராஸ் போயிருந்தார். உன்னிடம் எந்த வாயால் சொல்வேன்? கஞ்சியை ஆற்றிக் கொடுத்தேன். தலை வாரிவிட்டேன். ஜன்னலை உன் இஷ்டப்படியே திறந்துவைத்தேன். நீ என் கையைப் பிடித்துக்கொண்டாய்.

"இன்னாடி, காலைலேர்ந்து ஒரு வார்த்த கூட திட்டல? நான் சாவப் போறேனா?"

அழுதுகொண்டே சொல்லிவிட்டேன். நீயோ சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்து வந்து மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தாய்.

"அடி லூசு! கேன்சர்னா எல்லாம் ஒரே அச்சுல வார்த்த மாதிரி இருக்கும். இதுங்களப் பாரு, ஒண்ணு மாதிரி ஒண்ணு இல்ல. என் பட்டாளம் ஓடலடி. சண்ட போட்டுக்கினு வீங்கிப்போய் நிக்குதுங்க!"

மாலையில் திரும்பிய டாக்டரும் பார்த்துவிட்டு, வைரஸோடு மோதும் வெள்ளணுக்கள் இப்படிப் பெருப்பது உண்டுதான் என்றார். அந்தச் சந்தோஷத்தில் உன்னை வாய்க்கு வந்தபடி திட்டித் தீர்த்தேன். நீ நிம்மதியாகத் தூங்கினாய்.

நேற்று என் ரத்தத்திலும் அதே செல்களாம். ரிப்போர்ட்டைக் கொடுத்த பெண், அன்று நான் உன்னிடம் நடந்துகொண்டதுபோலவே, ரொம்பப் பதமாகப் பேசினாள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

உனக்கு நிஜமாகவே கடைசி நோய் வந்தபோது, கட்டிலருகே உட்கார்ந்து ஜன்னலுக்காக உன்னோடு மல்லுக்கட்டினேன். நர்ஸ் என்னை முறைத்தாள். நீ மட்டும் சிரித்தாய். நீ பயந்துவிடக் கூடாது என்றுதானடி கடைசிவரை திட்டிக்கொண்டே இருந்தேன். இப்போதும் ஜன்னலை மூடும்போதெல்லாம் உன்னைத் திட்டுகிறேன்.