பின்பக்க அறைக்கு வந்த ஆட்சேபம்

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் மருமகளும் குழந்தையும் அங்கே சுகமாக இருக்க வேண்டும். இங்கே நான் நடமாடிக்கொண்டிருக்கிறேன், அப்பா நலம் என்று எழுதத்தான் பேனா நகரவில்லை. போனில் சொன்னால் "மீட்டிங்ல இருக்கேன்மா" என்று வைத்துவிடுவாய், அதனால்தான் கடிதம்.

வலது பக்கம் செயலிழந்த பிறகு அப்பாவுக்கு மாடி எட்டாத இடமாகிவிட்டது. முப்பது வருடம் ஏணியில் நின்று ஊருக்கெல்லாம் வயர் இழுத்த மனிதர். குளியலறை மேலேதான் என்பது உனக்குத் தெரியும். ஹாலில் ஃப்ரிட்ஜ் பக்கத்தில் கட்டில் போட்டு, குறுக்கே பழைய போர்வையைத் திரையாகக் கட்டியிருக்கிறேன், யாராவது காலிங் பெல் அடித்தால் முதலில் வாளியை மறைக்கத்தான் ஓடுகிறேன். அதற்காகத்தான் பின்பக்கம் பத்துக்குப் பன்னிரண்டில் ஓர் அறை, ஒட்டினாற்போல் குளியலறை என்று வரைபடம் போட்டு நகராட்சியில் விண்ணப்பித்தோம். இரண்டு மாதம் கழித்து நிராகரித்துவிட்டதாகத் தாள் வந்தது. மதிலுக்கும் சுவருக்கும் இடைவெளி அரை அடி குறைவு, கூடவே ஓர் ஆட்சேபமும் வந்திருக்கிறது என்று இரண்டே வரி.

ஆட்சேபம் என்றதும் எனக்குப் பக்கத்து வீட்டு மருந்துக்கடைக்காரர் மேல்தான் சந்தேகம். யோசிக்காமல் அவர் மனைவியிடம் வாசலில் நின்று, இந்த மனுஷனோட வயித்தெரிச்சல் உங்களைச் சும்மா விடாது என்று கத்திவிட்டேன். அந்தப் பெண் கதவைச் சாத்திக்கொண்டாள். வரைபடக்காரர் சுவரை அரை அடி உள்ளே தள்ளி வேறு வரைபடம் போட்டுக் கொடுத்தார், மேல்முறையீடு செய்தோம். போன செவ்வாய்க்கிழமை விசாரணை, நகராட்சியின் இரண்டாவது மாடியில், லிஃப்ட் பழுது. படி ஏற முடியாதவரின் மனுவை எங்கே வைத்து விசாரிக்கிறார்கள் பார். அப்பாவை நாற்காலியோடு தூக்கியது யார் தெரியுமா, வண்டி ஓட்டி வந்தவரும் அந்த மருந்துக்கடைக்காரரும். "எனக்கு ஆட்சேபம் இல்லைன்னு நானே வந்து சொல்றேன்" என்று கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்தார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

உள்ளே மூன்று அதிகாரிகள். நடுவில் இருந்த அம்மாள் கோப்பைப் புரட்டி, "இடைவெளி சரியாயிடுச்சு, ஆனா வீட்டுல பாதி பங்கு வச்சிருக்கிறவரே வேணாம்னு எழுதியிருக்காரே" என்று தாளை நீட்டினார். உன் பெயர், உன் கையெழுத்து. வீட்டை விற்கும் எண்ணம் இருக்கிறதாம், பின்பக்கம் கட்டினால் விலை குறையுமாம். நீ வெளிநாடு போகும்போது வங்கியில் காட்ட வேண்டும் என்றாய், அப்பா மறுபேச்சில்லாமல் பாதி வீட்டை உன் பெயருக்கு எழுதினார், அந்தப் பாதிதான் இன்று அவரைக் குறுக்கே நின்று மறிக்கிறது. "இது உங்க பையன் கையெழுத்துதானா, சந்தேகம்னா சொல்லுங்க" என்று அந்த அம்மாள் இரண்டு முறை கேட்டார். தப்பிக்க வழி காட்டினார், எனக்குப் புரிந்தது. அப்பா குழறிக் குழறி, "அவனோடதுதான், அவனுக்கும் பங்கு இருக்கு" என்றார். மருந்துக்கடைக்காரர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

முடிவு நேற்று வந்தது. நிராகரிப்பை நீக்கியிருக்கிறார்கள், ஆனால் முப்பது நாளுக்குள் நீ சம்மதக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும், இல்லாவிட்டால் பழைய முடிவே நிற்கும். "கெஞ்சி வாங்குற ரூம் எனக்கு வேணாம்" என்று அப்பா சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பக்கத்து வீட்டுக்குப் போய் மருந்துக்கடைக்காரர் மனைவியிடம் மன்னிப்புக் கேட்டேன். "விடுங்கக்கா, அங்க நடந்ததை இவர் வந்து எதுவும் சொல்லல" என்றாள். சொல்லியிருக்கிறார் என்று அவள் கண்ணிலேயே தெரிந்தது.

குழந்தைக்குச் சளி என்றாயே, குளிப்பாட்டியதும் தலையை நன்றாகத் துவட்டச் சொல். நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் இருங்கள், எத்தனை கோபத்திலும் இதை மாற்றி நினைக்க எனக்கு வரவில்லை. அப்பாவுக்குத் தெரியாமல் சம்மதப் படிவத்தை இதோடு வைத்திருக்கிறேன். முப்பது நாளில் ஒரு நாள் போய்விட்டது, மறக்காதே. கையெழுத்துப் போட மனமில்லை என்றால் அதை நகராட்சிக்கு எழுதாதே, அப்பாவுக்கு எழுது. கண் பார்வை நன்றாகத்தான் இருக்கிறது, அவரே படித்துக்கொள்வார்.

இப்படிக்கு,
உன் அம்மா