முடிபோல் மெல்லிய எழுத்து

20 ஜூலை, ஞாயிறு

எஸ்தர் டீச்சரின் கணவர் இறந்து இன்றோடு ஒரு வருஷம். நினைவு அட்டையை நான்தான் வடிவமைத்தேன். போன வாரம் வண்ணார்பேட்டையில் என் டிசைன் கடைக்கு வந்த டீச்சரிடம் இரண்டு எழுத்துருக்களைக் காட்டினேன். ஒன்று தடித்தது. மற்றது முடிபோல் மெல்லிய கோடுகளும் முனையில் சின்னக் கொக்கிகளுமாக இருக்கும். டீச்சர் தடித்ததைத்தான் தொட்டார். "அது நோட்டீஸ் மாதிரி இருக்கும் டீச்சர்" என்று சொல்லி மனதை மாற்றிவிட்டேன். மெல்லியது, என் வேலையைக் காட்ட இன்ஸ்டாகிராமில் போட எனக்கு வேண்டியிருந்தது. அதைச் சொல்லவில்லை.

இன்று பாளையங்கோட்டையில் அவர் வீட்டு ஜெபத்தில், அட்டையில் அச்சிட்ட பைபிள் சங்கீதத்தை எல்லாரும் சேர்ந்து வாசிக்கத் தொடங்கினார்கள். கிரீம் அட்டையில் பொன்னிற மை. எழுத்தின் மெல்லிய கோடுகளில் பாதியைக் காணவில்லை. ஆளுக்கொரு பக்கமாக அட்டையை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார்கள். டீச்சர் முதல் வரியிலேயே நின்றுவிட்டார்.

"எனக்குக் கண்ணு மங்கிட்டுல்லா தம்பி, நீ வாசி."

தட்டச்சு செய்தவன் நான். பார்க்காமலே சொன்னேன்.

கிளம்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார். "கார்டு ரொம்ப அழகு. நாளைக்குக் கண்ணாஸ்பத்திரிக்குத்தான் போவணும்."

"போயிட்டு வாங்க டீச்சர்" என்றேன்.