நைனாவின் இடுப்பு மூட்டு

12.7.2004, திங்கள்

நைனாவுக்கு இடுப்பு மூட்டு மாற்ற வேண்டும். வெளிநாட்டில் ரோபோ எலும்பைக் குடைகிறது, நீங்கள் கையால் குடைந்தால் எத்தனை மில்லிமீட்டர் தப்பும் என்று காஞ்சிபுரத்து டாக்டரைக் கேட்டேன்.

"இது லேத் பட்டறை இல்ல தம்பி" என்று முறைத்தார்.

நைனா குறுக்கே வந்தார். "அப்பால நான் குந்தலாமா சார்?"

எவன் குடைந்தாலும் குந்தக்கூடாதாம். நாற்காலி கக்கூஸ்தானாம்.

"அப்ப ஆபரேஷனே வேணாம்." என் பக்கம் திரும்பினார். "வூட்டுக்குள்ள ஒக்காந்துக்கினு போவ சொல்றியா? ஏரிக்கரை எதுக்குடா கீது?"

நொண்டிக்கொண்டே பஸ் ஸ்டாண்டுக்குக் கிளம்பிவிட்டார். மாதக்கணக்கில் மில்லிமீட்டர் கணக்குப் படித்த நான் அவர் பின்னால் ஓடினேன். எங்கள் ஊர் உத்திரமேரூர் வரை வலியில் பல்லைக் கடித்துக்கொண்டே வந்தார். பிடிவாதம் பிடித்த கிழம். காலையில் கொத்தனாரைக் கூப்பிட்டுக் கக்கூஸ் கட்டப்போகிறேன். ஏரி தெரிகிற மாதிரி ஜன்னல் வைத்துத் தருகிறேன். கத்தட்டும்.